ஒத்தவீடு ஸ்டாப்

மதுரையைச் சுற்றி ஒத்தைக்குப் பஞ்சமே கிடையாது. மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை இருக்கிறது. ஒரே ஒரு கடை இருந்த காலத்துப் பெயர் என்பார்கள். இன்று அங்கே கடைகளை எண்ணப் போனால் பொழுது சாய்ந்துவிடும். எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஒத்தப்பனை, ஒத்தப்புளி என்று ஏதாவது ஒரு நிறுத்தம் வழியில் வரும். இறங்கிப் பார்த்தால் பனையும் இருக்காது, புளியும் இருக்காது. மரத்தை வெட்டுகிறவனுக்குப் பெயரை வெட்டத் தெரிவதில்லை.

அழகர்கோவில் சாலையில், கடச்சனேந்தலைத் தாண்டி அப்பன்திருப்பதிக்கு இந்தப் பக்கம், ஒத்தவீடு என்று ஒரு நிறுத்தம். அங்கே இப்போது நூற்று நாற்பது வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனால் பெயருக்குக் காரணமான வீடு எங்கும் போய்விடவில்லை. ரோட்டைப் பார்த்த முதல் தெருவில், பச்சை கேட் போட்டு, மாடி எடுக்காத சின்ன வீடு. அதில் அன்னக்கொடி இருக்கிறாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஐம்பத்துநாலு வயது. இருநூறு முட்டையை ஓடு ஒட்டாமல் உரித்து வைத்துவிட்டு, அதை யாரும் பாராட்டவில்லையே என்று ஒரு நாளும் நினைக்காதவள்.

அவள் பிறந்தது சமயநல்லூருக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில். கூடப்பிறந்தது ஒரே அண்ணன், நல்லகாமன், எட்டு வயது மூத்தவர். தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்ததும் சீர் செய்ததும் அவர்தான். அந்தப் பக்கத்தில் பொங்கல் சீர் என்பது சும்மா வந்துபோகிற பலகாரப் பை இல்லை. பொங்கலுக்கு முந்தின நாள், கரும்பும் மஞ்சள்கொத்தும் அரிசியும் வெல்லமும் பானையுமாக அண்ணன்காரன் தங்கச்சி வாசலில் வந்து நிற்க வேண்டும். தெரு பார்க்க நிற்க வேண்டும். இவளுக்கு ஆள் இருக்கிறது என்று தெருவுக்குச் சொல்வதுதான் சீர். அரிசி, வெல்லமெல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

ஏழு வருஷம் அப்படிச் சீர் வந்தது. எட்டாவது வருஷம் புருஷன், திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். பிள்ளையும் இல்லை. அதற்குப் பிறகுதான் தமிழில் தனியாள் ஒருத்தியைக் குறிக்க எத்தனை சொல் இருக்கிறது என்று அன்னக்கொடிக்குத் தெரிய வந்தது. வாய் கூசாதவர்கள் வாழாவெட்டி என்றார்கள். கொஞ்சம் நாகரிகம் பார்த்தவர்கள் ஒண்டிக்கட்டை என்றார்கள். தாலுகா ஆபீஸ் சான்றிதழில் கணவனால் கைவிடப்பட்டவர். பின்னாளில் ரேஷன் கடையில் ஒருநபர் அட்டை. இப்படி ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஆனால் ஒருவராவது அவளைக் கேட்டுவிட்டு வைக்கவில்லை. நல்லகாமன் மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல் போய், அவள் பெட்டியைத் தன் வண்டியில் கட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

அண்ணன் வீட்டில் ஆறு வருஷம். சோற்றுக்குக் குறைவில்லை; மதினியும் தங்கமானவள். இருந்தாலும் ஒரு விசேஷம் என்றால் அன்னக்கொடி தானாகவே அடுப்படிக்குப் போய்விடுவாள், யாரும் போகச் சொல்வதற்கு முன்னால். வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். தனியாக இருப்பதைவிட, பத்துப் பேருக்கு நடுவே தனியாக இருப்பது கொடுமை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கதவு. அவளே பூட்டி அவளே திறக்கிற கதவு.

சத்துணவு வேலை கிடைத்ததும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில், கலர்க்கல் நட்டுக் கொடி கட்டி விற்ற ஒரு மனையிடத்தில், தன் நகையைப் போட்டு இரண்டரை சென்ட் வாங்கினாள். ஒரு அறை, ஒரு அடுப்படி. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வேலிக்கருவேல், வடக்கே அழகர்மலை. ஆவணியில் புதுமனை புகுவதாக நாள் குறித்தாள். பால் காய்ச்சுகிற பானை தாய்வீட்டிலிருந்து வர வேண்டும். நல்லகாமனும் முகத்தைத் தூக்கிக்கொண்டே சரி என்றார்.

அந்த நாளுக்கு மூன்று நாள் முன்னால் ஊர் டீக்கடையில் எவனோ ஒருத்தன், வீட்டில் சோறு இல்லாமலா தங்கச்சியைக் காட்டில் குடிவைக்கிறாய் என்று கேட்டுவிட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதை மூட முடியாத கோபத்தை அண்ணன் வீட்டில் வந்து கொட்டினார். தனிமரம் தோப்பாகாது என்று ஆரம்பித்தார். பழமொழி சொல்ல ஆரம்பித்த ஆம்பளையிடம் அதற்குமேல் நியாயம் பேச முடியாது. அன்னக்கொடி பேசினாள். பேச்சு வளர்ந்து கடைசியில் அவர் சொன்னது இதுதான்:

"போ. அந்த ஒத்தவீட்டுல போயி ஒத்தையாக் கெட. ஒத்தவீட்டுக்கெல்லாம் சீரு கெடையாது."

அவர் வரவில்லை. மதினி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து போனாள். பள்ளிக்கூட ஆயாவிடம் இரவல் வாங்கிய எவர்சில்வர் சட்டியில் அன்னக்கொடி பால் காய்ச்சினாள். பால் நன்றாகத்தான் பொங்கியது.

வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் இன்னொன்று நடந்தது. அங்கே பஸ் நிற்காது. முன்னே ஒரு மைல், பின்னே ஒரு மைல். சாயங்கால டவுன் பஸ்ஸில் வந்த கண்டக்டர் கண்ணுச்சாமி, காய்கறிப் பையோடு வருகிற இந்த ஒரு பொம்பளைக்காகத் தானாகவே விசில் ஊதி நிறுத்தினார். நிறுத்தமில்லாத இடத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"ஒத்தவீடு எறங்கு!"

அன்னக்கொடிக்குச் சுருக்கென்றது. அண்ணன் வாயில் வந்த அதே சொல். கண்ணுச்சாமிக்கு அவள் அண்ணனையும் தெரியாது, சண்டையும் தெரியாது. ஒரு வெட்டவெளியில் ஒரே ஒரு வீடு நின்றது, சொன்னார், அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அப்போதெல்லாம் அவள் ரோட்டைக் கடந்து பூட்டைத் திறக்கும் வரை வண்டியை எடுக்க விடமாட்டார். அந்த ஹெட்லைட் வெளிச்சத்தில்தான் அவள் சாவித் துவாரத்தைக் கண்டுபிடிப்பாள். அவ்வளவு நல்ல மனுஷனிடம் போய் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? தினம் நாலு நடை. அண்ணன் சொன்ன சொல்லை அரசாங்கமே சம்பளம் கொடுத்துக் கத்தச் சொல்வது போல அவளுக்கு இருந்தது.

நாலு வருஷம் கழித்து இரண்டாவது வீடு வந்தது. பிறகு மூன்று, ஏழு, இருபது. வீடு கட்ட வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் இவள் போர்க்குழாயில். சிமெண்ட் மூட்டை நனையாமல் இருக்க இவள் அறையில். ஊருக்குப் போகிறவர்கள் சாவி இவள் ஆணியில். பால் காய்ச்ச வந்த புதுக்குடித்தனங்கள் தீப்பெட்டியை மறந்துவிட்டு முதலில் தட்டுகிற கதவு இவள் கதவு. ஒத்தவீட்டில் கேளுங்கள் என்று கொத்தனார் சொல்லுவார், கேஸ்காரர் சொல்லுவார், கூரியர்காரர் சொல்லுவார். அந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாத அடுப்பில்லை. ஆனாலும் பொங்கலுக்கு முந்தின நாள் எல்லார் வாசலிலும் கரும்பு வந்து இறங்கும்போது, அன்னக்கொடி மட்டும் உள்ளே போய்ப் பாத்திரம் துலக்குவாள். துலக்கியதையே மறுபடி துலக்குவாள். பத்தொன்பது பொங்கல் அப்படிப் போனது.

அண்ணன் ஒரு நாள் வருவார் என்று அவள் நினைக்காத பொங்கல் இல்லை. மதினி வருஷத்துக்கு ஒருமுறை அழகர்கோவிலுக்குப் போகிற சாக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். ஒன் நெனப்பு அவருக்கு இல்லாமலில்லை, வாய்தான் வீம்பு என்பாள். போன வருஷத்துக்கு முந்தின புரட்டாசியில் அந்த மதினியும் இறந்துபோனாள். அன்னக்கொடி ஓடிப்போய் மூன்று நாள் இருந்து எல்லாம் செய்தாள். அண்ணன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. அதனால் அவளும் சொல்லவில்லை, அவரும் எதுவும் கேட்கவில்லை. பேசியிருக்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தையும் சாத்திரம் வந்து சாத்திவிட்டது.

இந்தக் கார்த்திகையில் ரோட்டோரம் நிழற்குடை கட்டினார்கள். என்ன பெயர் எழுதுவது என்று குடியிருப்போர் சங்கம் கூடியது. தலைவர் ஹாலாஸ்யம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பத்திரத்தில் உள்ள பெயரே முறை என்றார்: ஸ்ரீ செல்வ விநாயகர் நகர். பழகிய பெயர் இருக்கட்டுமே என்றார்கள் பாதிப் பேர். அவள் வீட்டுப் பெயர், அவளையே கேட்போம் என்று முடிவானது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்னக்கொடி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மாத்திருங்க சார்," என்றாள். "பத்தொம்பது வருசம் கேட்டாச்சு. போதும்."

மாற்றிவிட்டார்கள். நிழற்குடையில் மஞ்சளில் நீல எழுத்து. மார்கழிக்குள் கண்டக்டரின் டிக்கெட் மெஷினிலும் புதுப்பெயர் ஏறிவிட்டது. கண்ணுச்சாமி ரிட்டயராகி ஒரு வருஷமாகிறது. புதுக் கண்டக்டர் வெளியூர்க்காரர், மெஷினில் இருப்பதைத்தான் சொல்லுவார். அதே ரோட்டில் மனை விற்றவர்கள் எல்லாருக்கும் பிள்ளையார்தான் கூட்டாளி என்பதையும், ஏற்கெனவே அங்கே இரண்டு செல்வ விநாயகர் நகர் இருக்கிறது என்பதையும், கணக்கு வாத்தியார் உட்பட ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அன்னக்கொடி மட்டும் பஸ்ஸில் வரும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு அந்தப் பழைய சொல் வரவில்லை என்று நிம்மதிப்பட்டாள்.

போகிப் பண்டிகை அன்று காலை பத்து மணி. பள்ளிக்கூடம் லீவு. வழக்கம்போலப் பாத்திரத்தை எடுத்துப் போட்டுத் துலக்க உட்கார்ந்தவளிடம், எதிர்வீட்டு சரண்யாதேவி ஸ்கூட்டரை நிறுத்தாமலேயே கேட்டின் மேல் எட்டிச் சொன்னாள்.

"அக்கா, ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடி, அந்த இன்னொரு செல்வ விநாயகர் நகர்ல ஒரு பெரியவர் கரும்பத் தூக்கிக்கிட்டு வெயில்ல அலையுறாரு. ஒத்தவீடு எங்க இருக்குன்னு போறவாரவங்களை எல்லாம் கேக்குறாரு. ஒத்தவீடுன்னா இப்ப செல்வ விநாயகர் நகர்னு யாரோ சொல்லி, பஸ்ஸுக்காரன் அங்க எறக்கிவிட்டுட்டான் போல. நான் திருப்பிக்கிட்டு வாரதுக்குள்ள அங்குட்டுப் போயிட்டாரு."

அன்னக்கொடி கையில் சாம்பலோடு எழுந்தாள். கரும்பு எந்தத் தோளில் இருந்தது என்று கேட்டாள். இடது தோளில் என்றாள் சரண்யாதேவி. வாலிபத்தில் மஞ்சுவிரட்டில் மாடு குத்தி நல்லகாமனுக்கு வலது தோள் தூக்காது. நெல் மூட்டையானாலும் இடதுதான். அன்னக்கொடி ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கேட்டைச் சாத்தவில்லை. கை கழுவவில்லை.

வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். அவருக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான். மதினி சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்த விலாசம். பத்தொன்பது வருஷம் அது எனக்காகக் கொளுத்தும் வெயிலில் நின்றது. அவர் கிளம்பி வருகிற வருஷம் பார்த்து நானே அதை அழித்துவிட்டேன். அவரோ பொறுத்துத் தேடுகிற ஆள் இல்லை. இரண்டு பேர் தெரியாது என்று சொன்னால் மூன்றாவது ஆளைக் கேட்காமல் திரும்பிவிடுகிற ரகம். திரும்பிவிட்டால் இன்னொரு பத்தொன்பது வருஷத்துக்கு அவருக்கும் வயசில்லை, எனக்கும் வயசில்லை.

அந்த நிறுத்தத்தில் யாரும் இல்லை. பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா, ஆமாம் வந்தார் என்றாள். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார், அப்படி ஒரு ஊரே இல்லையாம் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் மதுரை பஸ்ஸுக்கு நின்றார் என்றாள். மதுரை பஸ் போய்விட்டதா என்று கேட்டதற்கு, இப்போதுதான் போனது, நல்ல கூட்டம் என்றாள்.

சரண்யாதேவி பஸ்ஸை விரட்டினாள். மூன்றுமாவடி வரை போய், சிக்னலில் பஸ்ஸை மறித்து, அன்னக்கொடி படியேறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பண்டிகைக் கூட்டம். கரும்பு நிறைய இருந்தது. அண்ணன் இல்லை. அதற்கு முந்தின பஸ்ஸில் போயிருப்பார் என்று கண்டக்டர் சொல்லிவிட்டு விசில் ஊதினார். திரும்பி வரும்போது அவள் அழுதாள். வாய்விட்டே அழுதாள். சரண்யாதேவி ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள்.

தெருவுக்குள் திரும்பியபோது பச்சை கேட்டுக்கு முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். நடுவில் இடது தோளில் இரண்டு கரும்பு, மடியில் மஞ்சள்கொத்து, காலடியில் ஒரு சாக்குப்பை. நல்லகாமன், திறந்து கிடந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹாலாஸ்யத்திடம் வழக்காடிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்றவரைக் கரும்போடு பார்த்து ஒரு ஆட்டோக்காரர் விசாரித்திருக்கிறார். ஒத்தவீடு தெரியாத ஆட்டோக்காரன் இந்த ரோட்டில் உண்டா என்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வந்த இடத்தில்தான் தகராறு. இதுதான் ஒத்தவீடு என்று ஹாலாஸ்யம் கையைக் காட்டுகிறார், இவர் நம்ப மாட்டேன் என்கிறார்.

"எய்யா, நான் ஒத்தவீட்டத் தேடி வந்துருக்கேன். காட்டுக்குள்ள தனியா நிக்கும்னு நெனச்சேன். இங்க இம்புட்டு வீடு நிக்கிது, இம்புட்டுச் சனம் நிக்கிது. இதுல எதுய்யா ஒத்தவீடு?"

அன்னக்கொடி ஸ்கூட்டரை விட்டு இறங்கி, சாம்பல் காய்ந்த கையோடு அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் பார்த்தார். தலை நரைத்துவிட்டது தங்கச்சிக்கு. அவருக்கும் ஒரு பல்லைக் காணோம்.

"வாண்ணே," என்றாள்.

தெரு பார்க்க நின்றிருந்தார். அதுதானே சீர். அவர் குனிந்து சாக்கைப் பிரித்து ஒரு பித்தளைப் பானையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். புளி போட்டுத் துலக்கியிருந்தாலும் புதுப் பானை இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது. கழுத்து மடிப்பில் பரண் கருப்பு இன்னும் இருந்தது. அந்தப் பக்கத்தில் சீர்ப்பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுப்பதில்லை. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டியிருந்ததை அன்னக்கொடி விரலால் தடவிப் படித்தாள். தங்கை அன்னக்கொடிக்கு அண்ணன் நல்லகாமன். புதுமனை. 3.9.2006.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கரும்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்பவே வெட்டுனது. குடுக்காம விட்டுட்டேன். ஒன் மதினி போனப்பறம் ஒத்தையில ஒல வைக்கும்போதெல்லாம் இதுதான் கண்ணு முன்னால வந்துச்சு. தப்புத்தான். அன்னிக்கு நான் பேசுனது தப்பு."

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள், சிரித்தாள், எந்த வரிசையில் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் சரண்யாதேவி கரும்பை வாங்கிக் கதவில் சாத்தினாள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், யாரோ மோர் கொண்டுவந்தார்கள். மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. நல்லகாமன் ஒவ்வொருவரையும் இது யாரு, இது யாரு என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். ஊரில் தன் வீட்டு வாசலில் இப்போது இத்தனை பேர் வருவதில்லை என்று ஹாலாஸ்யத்திடம் சொன்னார். ஹாலாஸ்யம் நிழற்குடை விஷயத்தை எடுத்து, தவறு நம்முடையதுதான் என்று கணக்கில் பிழை கண்ட வாத்தியாரைப் போல வருத்தப்பட்டார்.

மறுநாள் பொங்கல் அந்தப் பானையில்தான் பொங்கியது. அண்ணன் இருந்து பார்த்துவிட்டு, மாட்டுப் பொங்கலுக்கு மாடு காத்திருக்கும் என்று சாயங்காலமே கிளம்பினார். அன்னக்கொடி நிறுத்தம் வரை கூட வந்தாள். அவர் நிழற்குடையின் நீல எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, முகத்தைச் சுளித்தார்.

"அடுத்த வருசம் நான் எங்கன்னு கேட்டு எறங்குறது? இந்தப் பேரச் சொன்னா மறுபடி நடக்கவிட்டுருவாய்ங்க."

பஸ் வந்து நின்றது. அவரைப் படியில் ஏற்றிவிட்டு, புதுக் கண்டக்டருக்கும் காது கேட்கட்டும் என்று அன்னக்கொடி சத்தமாகவே சொன்னாள்.

"ஒத்தவீடுன்னே கேளுண்ணே. கொண்டாந்து விடுவாக."